அமெரிக்கா வேண்டாம் என்ற செல்வி: மல்லேஸ்வரம் முதல் பொம்மசந்திரா வரை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பெங்களூர் மல்லேஸ்வரத்திலிருந்து பொம்மசந்திராவுக்கு மெட்ரோவில் போய் வந்தேன். ஊர் சுற்ற அல்ல, தங்கைக்காக. கவிதா இருப்பது ஒஹாயோவில். பொம்மசந்திராவில் மருத்துவக் கருவி செய்யும் கம்பெனி ஒன்று அவளை இரண்டு வருட வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. அவளுக்குக் கொள்ளை ஆசை. லீவுக்குக் கூடவே வந்திருந்த அவளுடைய அமெரிக்கக் கணவர் மார்க்தான் அசைந்து கொடுக்கவில்லை. உலகமே எங்கள் நாட்டுக்கு வரத் துடிக்கும்போது நாங்கள் ஏன் கிளம்ப வேண்டும் என்று கேட்டார். தங்கமான மனிதர். அந்தக் கேள்வியில் கர்வம் இருப்பதுதான் அவருக்குத் தெரியாது.

"நான் சொன்னா சண்டைல முடியுது அண்ணா. நீயே கூட்டிட்டுப் போய்க் காட்டேன்" என்றாள் கவிதா.

காலை ஏழரைக்கு நானும் மார்க்கும் சம்பிகே ரோடு ஸ்டேஷனில் ஏறினோம். ஆர்.வி. ரோடில் மஞ்சள் வழிக்கு மாற வேண்டும். "இந்தியாவுக்கு இது பரவாயில்லை" என்றார் மார்க். அவருடைய ஊரில் மெட்ரோவே கிடையாது. விருந்தாளி ஆயிற்றே, வாயை மூடிக்கொண்டேன்.

மாறிய வண்டியில் பக்கத்து சீட்டில் செல்வி என்ற பெண். வாணியம்பாடிக்காரி, எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை, நைட் ஷிப்ட் முடித்துப் பொம்மசந்திராவில் இருக்கும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சிரித்த முகமாகப் பேச்சுக் கொடுத்தாள். அமெரிக்கா வர ஆசையா என்று கேட்கச் சொன்னார் மார்க். பதில் தெரியும் என்ற முகம்.

"எதுக்குண்ணா? இப்பதான் லைன் லீடர் ஆயிருக்கேன். சுத்திப் பாக்கக் கூப்ட்டா வரேன், இருக்கல்லாம் மாட்டேன். அவர இங்க வந்து இருக்கச் சொல்லுங்க. எங்க தெருவுல ஒரு வீடு காலியாத்தான் கீது."

மனிதர் கோபித்துக்கொண்டால் கவிதாவின் வேலை போச்சு. ஆமாம், ரொம்ப ஆசையாம் என்று பூசி மெழுகிவிடலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை. அப்படியே சொன்னேன், காலி வீடு உட்பட.

இதுவரை யாரும் தன்னிடம் அமெரிக்கா வேண்டாம் என்று சொன்னதில்லை என்றார் மார்க். எப்படிச் சொல்வார்கள்? விசாவுக்காகக் கோயிலைச் சுற்றுவதும், கிடைத்ததும் தெரு முழுக்க ஸ்வீட் கொடுப்பதும் நாம்தானே. அமெரிக்கர்கள் தங்களைப் பற்றி நம்புவதற்கெல்லாம் கூடவே தலையாட்டியிருக்கிறோம். அமெரிக்கா நல்ல நாடுதான். நல்ல நாடுகளில் ஒன்று, அவ்வளவே.

போகிறவர்களுக்கு: சுமார் இருபத்தெட்டு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். மஞ்சள் வழியில் வண்டிக்குக் காத்திருக்க நேரலாம், அவசரப்படாதீர்கள். வெளிநாட்டவரோடு போனால் நம் ஜனங்கள் சொல்வதைச் சர்க்கரை சேர்க்காமல் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வார்கள்.

பொம்மசந்திராவில் இறங்கும்போது மார்க் செல்வியிடம் ஒன்றே ஒன்று கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"அந்த வீட்டை இன்றைக்கே பார்க்க முடியுமா?"