இலை உதிர்த்த மணிச்செடி

கவாத்துக் கத்தி பட்டு இரண்டு விரல் போனபிறகு கருப்பம்மாவால் தேயிலைக் கொழுந்து எடுக்க முடியவில்லை. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றின் பங்களாவில் பூச்செடி பார்க்கும் வேலை கிடைத்தது. அதையும் எவனாவது பறித்துவிடுவான் என்ற பயம் அவளை விட்டுப் போகவேயில்லை.

துரைசாணி கப்பலில் வரவழைத்த செடி ஒன்று அங்கே இருந்தது. ஐப்பசியில் கணுவுக்குக் கணு கத்தரிப்பூ நிறத்தில் மணிமணியாய்ப் பழுத்தது. "பத்திரமாப் பாத்துக்கோ, உன்னைத்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டுத் துரைசாணி சீமைக்குப் போனாள்.

மார்கழிப் பனியில் இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. பத்தே நாளில் பழமும் குச்சியும்தான் மிச்சம்.

கருப்பம்மாவுக்குச் சமையல்காரன் இராமையா மேல்தான் சந்தேகம். அவன் தன் தங்கைக்கு இந்த வேலையைக் கேட்டவன். கொதிக்கிற கஞ்சித்தண்ணியை வேரில் ஊற்றுகிறானோ? மண்ணை அள்ளி மோந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. செடியைச் சுற்றிச் சாம்பல் தூவிவிட்டுப் போனாள். காலையில் பார்த்தால், பெருவிரல் விலகிய பாதத்தின் தடம். இராமையாவின் கால்தான்!

மறுநாள், விடியலில் ஆளெண்ணும் பெரட்டுக்கு முன்பே வந்து வேலிக்குப் பின்னால் நின்றாள். இராமையா வாளியோடு வந்தான்.

"அண்ணே, அதுல என்ன கலந்திருக்கீங்க?"

அவன் திடுக்கிட்டு வாளியைக் கீழே வைத்தான். "பீலியில புடிச்ச ஊத்துத் தண்ணி புள்ள."

"அப்ப நீங்க குடிங்க மொதல்ல."

கையால் அள்ளிக் குடித்தான். பிறகு அவனுக்குக் கோபம் வந்தது. "சாம்பலைக் கொட்டி மந்திரிக்கிறது நீ! செடி பட்டுப்போனா, தங்கச்சிக்கு வேல கேட்டவன்னு என்னையுமில்ல சேத்து வெரட்டுவாங்க? அதான் தண்ணி ஊத்துறேன்."

கருப்பம்மா குனிந்து குச்சியொன்றை நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை.

"உசிரு இருக்கு" என்றாள். அவனும் கீறிப் பார்த்துத்தான் நம்பினான்.

மாசியில் வந்த துரைசாணி சிரித்தாள். குளிருக்கு இலையை உதிர்ப்பது அதன் குணமாம். போகும்போது சொல்ல மறந்துவிட்டாளாம். பங்குனியில் துளிர் வந்தது. கருப்பம்மா கொப்பு வெட்டிப் பதியம் போட்டாள்; பசறைப் பக்கத்துப் பங்களாக்களுக்கும் கன்றுகள் போயின. அவள் வேலையை அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

ஆனாலும் இராமையா நீட்டிய தேத்தண்ணியை யோசிக்காமல் வாங்கிக் குடிக்க அவளுக்கு இன்னொரு வருஷம் பிடித்தது.