பாட்டு நின்ற கடலைக் கொட்டகை

சங்ககிரிப் பக்கம் ஊர் ஊராகப் போய் நான் அம்மை குத்திக்கொண்டிருந்த காலத்தில் அவளைப் பார்த்தேன். ஒரு பண்ணையாரின் கொட்டகையில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அங்கே உரிக்கிறவர்கள் விடாமல் பாட வேண்டும். பாடுகிற வாய் பருப்பைத் தின்னாது என்பது பண்ணையாரின் ஏற்பாடு.

ஒடிசலான உடம்பு, நரம்பு புடைத்த கழுத்து. குரல் மட்டும் கணீரென்று இருந்தது. அவள் முன்பாட, மற்றவர்கள் பின்பாடினார்கள். அவள் மடியில் இரண்டு வயதுப் பிள்ளை. வயிறு உப்பி, முடி செம்பட்டை பாய்ந்து கிடந்தது. அம்மை குத்தக் கையைப் பிடித்தேன், சதையே அகப்படவில்லை.

"புள்ளைக்கு என்னம்மா குடுக்கறே?"

"கூழுத் தண்ணிதானுங்க," என்றாள். பிறகு பாட்டைத் தொடரவில்லை. ஒரு பிடி பருப்பை வாயில் போட்டு மென்றாள்.

கதவருகே இருந்த மேஸ்திரி எழுந்து வந்தார்.

"ஏம் புள்ள, பாட்டு ஏன் நின்னுச்சு? வாயத் தொற."

திறந்து காட்டினாள். மென்றதை விரலால் எடுத்துப் பிள்ளைக்கு ஊட்டினாள். அது ஆவலாய் விழுங்கியது.

"கடலப் புண்ணாக்குத் தின்னு உங்க மாடு கொழுத்து நிக்குதுங்க. அந்தக் கடலையப் புடுங்குனவ புள்ள இப்படிக் கெடக்குது."

"மொதலாளி வந்தா நான் என்ன சொல்றது? பாடு."

"நீங்க பாடுங்க. உங்க வாய் சும்மாத்தானுங்க இருக்குது."

சொல்லிவிட்டு இன்னொரு பிடி அள்ளினாள்.

மறுநாள் அவளுக்கு அங்கே வேலை இருந்ததோ என்னவோ. அன்றைக்கு அந்தக் கொட்டகையில் அதற்குப் பிறகு யாரும் பாடவில்லை. எல்லாரும் மெல்லுகிற சத்தம்தான் கேட்டது.