‘ஏனுங்க’ என்று ஒரு ராணுவ அதிகாரி

என் கணவருக்குக் காரமடைப் பக்கம் சொந்த ஊர். வாழையும் பாக்கும் போட்ட குடும்பம். ஒரே பையன். கல்லூரி முடித்ததும் பரீட்சை எழுதி டேராடூன் ராணுவ அகாடமிக்குப் போய்விட்டார். அந்தக் கோபத்தில் என் மாமனார் வெகுநாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அதிகாரியாகத் திரும்பி வந்த பிறகு பெண் கிடைப்பதும் சுலபமாக இல்லை. பட்டாளத்தானுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு யார் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்வது என்று பலரும் நழுவினார்கள்.

பெண் பார்க்க வந்த அன்று நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். கூடக் கூட்டிப் போவாரா, இல்லை கோவை ஆர்.எஸ்.புரத்தில் அப்பா வீட்டிலேயே விட்டுவிடுவாரா என்று. அவர் கொஞ்சம் யோசித்தார்.

“கூட்டிட்டுப் போகக்கூடிய எடத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போறேனுங்க. போக முடியாத எடமும் சிலது வரும். அதையும் இப்பவே சொல்லிப்போடறேன்.”

இனிக்க இனிக்கப் பேசியிருந்தால் நான் சம்மதித்திருப்பேனா என்று தெரியாது. அந்த இரண்டாவது பாதிக்காகத்தான் சம்மதித்தேன்.

கல்யாணமான புதிதில் வால்பாறையில் எஸ்டேட் வேலையில் இருந்த என் சித்தப்பா வீட்டுக்கு விருந்துக்குப் புறப்பட்டோம். நல்ல மழைக்காலம். பாதி மலை ஏறியிருப்போம், பஸ் நின்றுவிட்டது. எதிரே மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. சேற்றுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் ஜீப் ஒன்று நின்றது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண்ணும் அவள் தாயும். பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம். ஜீப்பால் தாண்ட முடியாது.

பஸ்ஸில் எல்லோரும் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். சரிவின் மேலே அண்ணாந்து பார்த்தார். சேற்றில் கால் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து டிரைவரிடம் ஏதோ பேசினார். பிறகு பயணிகளைப் பார்த்துச் சொன்னார்:

“நாமெல்லாம் நாளைக்குக்கூட வால்பாறை போயிக்கலாமுங்க. அந்தப் புள்ளைக்கு நாளைக்கு வரைக்கும் தாங்காது. பஸ்ஸைத் திருப்பிக்கலாங்களா?”

யாரும் மறுக்கவில்லை. பின் சீட்டின் நீளப் பலகையைக் கழற்றினார்கள். ஆறேழு ஆண்கள் இறங்கினார்கள். மேலிருந்து மண் அசைந்தால் குரல் கொடுக்க ஒருவரை நிறுத்திவிட்டு, மற்றவர்களோடு அவரும் சேற்றுக்குள் இறங்கினார். பலகையில் ஒரு மூலையைப் பிடித்திருந்த பெரியவர், தம்பி யாருங்க என்று கேட்டார்.

“வாழை வெவசாயமுங்க. நீங்க அந்தக் கால எடுத்து இந்தக் கல்லுமேல வைங்க.”

அந்தப் பெண்ணை என் பக்கத்தில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். பஸ் பின்பக்கமாகவே ஊர்ந்து அகலமான வளைவுக்கு வந்து திரும்பியது. பொள்ளாச்சி வரைக்கும் அவள் என் கையை விடவில்லை. கல்யாண வளையல் இரண்டு உடைந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பயணிகள் பாதிப்பேர் போகாமல் நின்றார்கள். பெண் குழந்தை என்று நர்ஸ் வந்து சொன்னதும் கண்டக்டர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ராணுவம் என்று ஏன் சொல்லவில்லை என்று அப்புறம் கேட்டேன். சொல்லியிருந்தால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்திருப்பார்கள், தூக்க ஆள் கிடைத்திருக்காது என்றார்.

அடுத்த மாதம் ராஜஸ்தானுக்கு அவரோடு ரயிலேறினேன். இறங்கிய ஸ்டேஷனில் ஓங்குதாங்கான ஒரு சர்தார்ஜி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, “ஏனுங்க!” என்று கத்தியபடி ஓடி வந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுகிற வார்த்தை அது. விஷயம் இதுதான்: அகாடமியில் சேர்ந்த புதிதில் இவருக்கு இந்தி சுத்தமாக வராது. யார் கூப்பிட்டாலும் “ஏனுங்க?” என்றுதான் திரும்புவாராம். அதுவே பெயராகி, கூடப் படித்த பஞ்சாபி, வங்காளி, மலையாளி அத்தனை பேருக்கும் அவர் ‘ஏனுங்க’ ஆகிவிட்டார். அப்படியானால் நான் இனி எப்படிக் கூப்பிடுவது என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“நீ தமிழ்ல கூப்பிடு அம்மணி. அவனுங்க இந்தியில கூப்பிட்டுக்கட்டும்.”

அவர் முன்பே சொல்லிவைத்த, போக முடியாத இடங்களும் வந்தன. மகள் கைக்குழந்தையாக இருக்கையில் பனிமலைக்கு மாற்றலாகிப் போனார். விடுமுறையில் வந்தபோது அவள் நன்றாகப் பேசத் தொடங்கியிருந்தாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “அம்மா, ஒரு மாமா வந்திருக்காங்க” என்றாள். எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார். சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மறுநாளிலிருந்து காலையில் அவளை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு பேக்கரிக்குப் போவார். ஒருநாள் கடைக்காரர் இது யார் பாப்பா என்று கேட்டதற்கு, எங்கப்பா என்று அவள் சொல்லிவிட்டாளாம். அன்றைக்குள் அதை என்னிடம் எத்தனை தடவை சொன்னாரோ.

லெஃப்டினன்ட் கர்னல் வரைக்கும் போனார். அதற்கு மேல் பதவி உயர்வு வரவில்லை. இரண்டாம் முறையும் இல்லை என்று தெரிந்த அன்று சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அந்த வருட விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். பஸ் ஸ்டாப் டீக்கடையில் என் மாமனார் நாலு பேரிடம், “என்ற பையன் கர்னலுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் பேசாமல் இருந்த அதே மனிதர். இவர் சங்கடப்பட்டு, “முழு கர்னல் இல்லீங்கப்பா” என்றார்.

“ஊருக்கு எதுக்குடா முழுசும் அரையும்?”

வீடு வந்து சேரும்வரை இவர் சிரித்துக்கொண்டே வந்தார். அன்றோடு அந்தப் பாரம் இறங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு இங்கே கோவையில் ஒரு கல்லூரியில் நிர்வாக வேலை பார்த்தார். சனி ஞாயிறு தோட்டம். அப்பாவும் மகனும் வாழைக்குத் தண்ணீர் கட்டுவதில் சண்டை போட்டுக்கொள்வார்கள். இழந்த வருடங்களை இருவரும் சண்டையிலேயே ஈடுகட்டினார்கள். மாமனார் கடைசிவரை எங்களோடுதான் இருந்தார்.

போன வருடம், காலை நடை முடித்து வந்து காபி குடித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். மகள் பெங்களூரிலிருந்து வந்து ஒரு மாதம் என்னோடு இருந்தாள். அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டே இருந்தோம். துக்கம் கேட்க வந்த ஒரு அத்தை, நாங்கள் சமையலறையில் சிரிக்கிற சத்தம் கேட்டு வாசலிலேயே தயங்கி நின்றுவிட்டார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, அவருக்கும் சர்தார்ஜி கதையைச் சொன்னோம்.