பிணைக்கு ஆள்

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நான், பிள்ளை இல்லாத குறை என்னுடையதுதான் என்று எல்லோரும் சொல்ல, வருடக்கணக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சண்டையால் கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்து, முள்ளியவளையில் ஒருவருடைய வளவுக்குள் ஓலைக் கொட்டில் போட்டு இருந்தோம். நான், அவர், அவருடைய தாய். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சொந்த வயல் செய்த மனிசன், அங்கே மற்றவர்களின் வயலில் கூலிக்கு வரம்பு கட்டினார். அக்கம்பக்கத்தில் பிள்ளை பிறந்து முப்பத்தொராம் நாள் துடக்குக் கழித்தால் மாமி தனியாகத்தான் போவா. நான் போனாலும் குசினிக்குள் தேங்காய் துருவ விட்டுவிடுவார்கள். பிள்ளையை யாரும் என் கையில் தரமாட்டார்கள். ஒருமுறை கந்தசட்டிக்கு வெறும் தண்ணீரோடு கிடந்து, கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தேன். "இவளுக்கு விரதமும் ஒத்துவராது" என்று மாமி பக்கத்துக் கொட்டில்காரிக்குச் சொன்னது எனக்குக் கேட்டது.

குறை என்னிடம் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். அதற்கு முந்தி வவுனியாவில் என்னைச் சோதித்த டொக்டர், "உங்களுக்கு ஒண்டும் இல்லை, அவரை வரச் சொல்லுங்கோ" என்று அனுப்பியிருந்தா. வன்னியை விட்டு வெளியே போவது சும்மா காரியம் இல்லை. புலிகள் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். நான் போனபோது அவர் நின்றார். அவர் போனபோது நான் நின்றேன்.

அவர் வவுனியாவில் சோதித்துவிட்டு வந்து, சைக்கிளைச் சாத்திவிட்டு, கிணற்றுக்கட்டில் இருந்தார்.

"விந்தில ஒரு உயிரணுவும் இல்லையாம். சின்னனில கன்னம் வீங்கிற கூகைக்கட்டு வந்து கீழயும் வீங்கினதோ எண்டு கேட்டவை. ஓம் எண்டனான்."

பிறகு, "அம்மாவுக்குச் சொல்லாதையும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பட்ட பேச்செல்லாம் என்ன காற்றிலா போனது? ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தேன். "சரி" என்றேன்.

அடுத்த தடவை கொழும்புக்குப் போனார். அங்கே ஒரு டொக்டர் விதைக்குள் ஊசி ஏற்றி, துளி சதை எடுத்துப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்த மனிசன் காலை அகட்டி அகட்டி நடந்தார். சைக்கிளால் விழுந்துவிட்டேன் என்று தாய்க்குப் பொய் சொல்ல, மாமி நொச்சி அவித்து ஒத்தணம் கொடுக்கிறேன் என்று நின்றா. அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்குச் சிரிக்கக் காரணமும் இருந்தது.

"உள்ளுக்க இருக்காம். கொஞ்சம்தானாம், ஆனா உயிரோட இருக்காம்" என்று காதுக்குள் சொன்னார்.

கீறி எடுத்து, என்னுடைய முட்டையோடு வெளியே சேர்த்து, கருவாக்கி வயிற்றுக்குள் வைக்கலாமாம். கொழும்பில் அதை அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள். எடுத்ததைப் பழுதாகாமல் வைத்துப் பிறகு பாவிக்க அந்த இடத்தில் வசதி இல்லை. அவரிடம் எடுக்கிற அன்றைக்கே என்னிடமும் எடுக்க வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாகக் கொழும்பில் நிற்க வேண்டும். எனக்கு வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்த வருடம் விட்டால் பிறகு கஷ்டம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

பிணை நிற்க மாமியைக் கூட்டிக்கொண்டு பாஸ் கந்தோருக்குப் போனோம். என்னைக் கொழும்பில் வைத்தியத்துக்குக் காட்டப்போகிறோம் என்று மாமிக்குச் சொல்லியிருந்தோம். சனம் வாசல்வரைக்கும் நின்றது. கதிரையில் இருந்த இயக்கப் பொடியன் என் தம்பியை விட இளசு.

"ரெண்டு பேரும் ஏன் போகோணும்?"

நாங்கள் வாய் திறக்க முந்தி மாமி சொன்னா: "மருமோளுக்குத்தான் தம்பி வைத்தியம். பிள்ளை உண்டாகேல்லை. நான் பிணை நிக்கிறன்."

"அப்ப அக்கா மட்டும் போகட்டும். அண்ணை நிக்கட்டும். வயசு போன ஆக்களை விட்டிட்டுப் போய்க் கனபேர் திரும்பி வரேல்லை, அம்மா."

நான் அவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி, குறை எனக்குத்தான்" என்றார். வாசல்வரைக்கும் கேட்டிருக்கும். "என்ர விதையைக் கீறித்தான் எடுக்கோணும். அண்டைக்கு இவவும் பக்கத்தில நிக்கோணும். இல்லாட்டி அதை எடுத்து என்ன செய்யிறது?"

பின்னால் நின்ற சனம் எட்டிப் பார்த்தது. மாமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மகனையே பார்த்தா. இத்தனை வருடம் ஒளித்ததை முன்பின் தெரியாத சனத்துக்கு நடுவில் சொல்லிவிட்டார். இனியாவது பாஸ் தருவார்கள் என்று நினைத்தேன்.

பொடியன் குரலைத் தணித்தான்.

"அண்ணை, எனக்கு விளங்குது. ஆனா குடும்பமா விட எனக்கு அதிகாரம் இல்லை. பிள்ளையள் இருக்கிற ஆக்கள் எண்டா, ஒண்டை இஞ்ச விட்டிட்டுப் போகச் சொல்லி ரெண்டு பேருக்கும் குடுக்கலாம். பிள்ளையை விட்டிட்டு ஆரும் அங்க நிண்டிடமாட்டினம்தானே."

"அந்தப் பிள்ளைக்குத்தான் தம்பி போகக் கேக்கிறம்" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த ஆளை வரச் சொன்னான்.

வெளியே வந்தபோது மாமி என் கையைப் பிடித்தா. கலியாணமாகி இத்தனை வருடத்தில் அவா அப்படிப் பிடித்ததில்லை. நான் உதறிவிட்டு, அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் நடந்தேன்.