பொதுமக்கள் சார்பாக

மகளுக்கு ஜமுனாமரத்தூர் பள்ளிக்கு மாறுதல் வந்தபோது நானும் அவளோடு மலைக்கு வந்தேன். என் மனைவி அதற்கு முந்தைய வருடம் இறந்துவிட்டாள். மருமகனுக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுவார். நான் வேலூரில் கல்லூரி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன், பொருளாதாரம் கற்பித்தவன். ஒரு வீட்டுக்குப் பால் எங்கே வாங்குவது என்பது எனக்குத் தெரியாது. அதுவரை தெரிந்துகொள்ள வேண்டிய தேவை வந்ததில்லை.

தெருவுக்குத் தெரிந்திருந்தது. லாரியிலிருந்து பீரோவை இறக்குவதற்கு முன்பே எதிர்வீட்டு அம்மா வந்து நின்றார். மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமை விதைத்து, புளி உலுக்கி வாழ்கிற குடும்பம் அவருடையது.

"இன்னா சார், துணிய எங்க காயப் போடுவீங்க? மாடில போட்றாதீங்க. கொரங்கு தூக்கிக்கினு போயிடும். எம் மருமவ நைட்டிய மாட்டிக்கினு ஒண்ணு புளியமரத்துல குந்திக்கினு இருந்திச்சு. ஊரே பாத்துது."

பக்கத்து வீட்டுக்காரர் ஆலங்காயத்திலிருந்து வந்து இங்கே செல்போன் கடை வைத்திருப்பவர். அவரும் சேர்ந்துகொண்டார். "போன் பேசணும்னா சமையக்கட்டு ஜன்னலாண்ட நில்லுங்க சார், அங்கதான் டவர் எடுக்கும். பாலு கோடி வூட்ல வாங்குங்க. அவங்களும் தண்ணி ஊத்துவாங்க, ஆனா நல்ல தண்ணி ஊத்துவாங்க."

எந்த யோசனையும் அங்கே வெறுமனே வருவதில்லை. சொன்னவர் யார், யாருக்கு அப்படி நடந்தது என்பதும் கூடவே வரும். பல் வலிக்கு எந்த டாக்டர் என்றால், அவரிடம் பல் பிடுங்கிக்கொண்ட மாமாவைக் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டச் சொல்வார்கள். சொன்னது தப்பாகப் போனால் போய்ச் சண்டை போட ஓர் ஆள் வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் அதற்குக் காரணம் சொன்னார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அப்படி வந்த யோசனைகளில் ஒன்று, போளூருக்கு இறங்கும் பஸ்ஸைப் பற்றியது. தலைக்கு மை பூசிக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு ஓர் ஓட்டுநர் இருந்தார். மற்ற பஸ்களில் நேரம் பார்த்து ஏறும் இந்தத் தெருக்காரர்கள், அவருடைய பஸ்ஸில் ஆளைப் பார்த்து ஏறினார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகள், பிறந்த குழந்தையைக் கீழிருந்து கொண்டுவருகிறவர்கள், கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எல்லோரும் காலையிலேயே பஸ் ஸ்டாண்டில் இருக்கும் யாருக்காவது போன் போட்டு, "இன்னிக்கு யாரு வண்டி?" என்று கேட்பார்கள். அவர் வண்டி இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போடுவார்கள். அவ்வளவு நிதானமாக அவர் வளைவுகளை எடுப்பார்.

எனக்கு அந்த நிதானம் பிடிக்கவில்லை. திருவண்ணாமலையில் என் பழைய மாணவர் ஒருவருடைய மகளுக்குக் கல்யாணம். மணமக்களை வாழ்த்தி இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று கேட்டிருந்தார். இரண்டு வார்த்தையை நான் ஒரு வாரமாகத் தயார் செய்திருந்தேன். அன்று வந்தது மை பூசிய ஓட்டுநரின் பஸ். போளூரில் பிடிக்கவேண்டிய பஸ்ஸைத் தவறவிட்டேன். மண்டபத்தில் நுழைந்தபோது மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் சமையலறை ஜன்னல் அருகே நின்று, பஸ்ஸுக்குள் எழுதியிருந்த புகார் எண்ணுக்குப் பேசினேன். யார் பேசுவது என்று கேட்டார்கள். பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஜமுனாமரத்தூர் பொதுமக்கள் சார்பாகப் பேசுகிறேன்" என்றேன். "நாங்கள் எல்லோரும் அவதிப்படுகிறோம். அந்த ஓட்டுநரை இந்தத் தடத்திலிருந்து மாற்றினால்தான் சரிப்படும்."

அடுத்த மாதம் அவரைக் கீழே மாற்றிவிட்டார்கள். தெருவே புலம்பியது. "எவன் வாயில வுழுந்தாரோ" என்றார் எதிர்வீட்டு அம்மா. அரசாங்க வேலை என்றால் மாறுதல் இருக்கத்தானே செய்யும் என்று அவருக்கு நான் ஆறுதல் சொன்னேன். போன் பேசியதைவிட அந்த ஆறுதலை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

சில மாதங்களில் மகள் கருவுற்றாள். வேலூரில் இருந்தபோது அவளுக்கு ஒரு குழந்தை ஐந்தாம் மாதத்தில் கலைந்திருந்தது. அதனால் இந்த முறை மாதம் தவறாமல் திருவண்ணாமலைக்கு வந்து காட்டவேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். புதிதாக வந்த ஓட்டுநர் இளைஞர், வேகக்காரர். மூன்றாம் மாதம் இறங்கிவிட்டு வந்த அன்று அவளுக்கு லேசாக உதிரம் பட்டது. பயணத்தால் வந்ததல்ல, பயப்படவேண்டாம் என்று மருத்துவர் போனில் சொன்னார். அவள் கேட்கவில்லை. அடுத்த மாதம் வாடகைக் கார் பிடித்தோம். அதை ஓட்டியவன் வளைவில் அந்த பஸ்ஸையே முந்தினான். பாதி வழியிலேயே திருப்பச் சொல்லி அழுதாள்.

"நான் இனிமே எறங்க மாட்டேன்பா. என்ன ஆனாலும் இங்கயே ஆகட்டும்."

அந்த மாதப் பரிசோதனை நடக்கவில்லை. ஐந்தாம் மாதம் தொடங்கியது. ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டிய மாதம். அவள் அசையவில்லை.

எதிர்வீட்டு அம்மா தினமும் வந்தார். நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்தார். எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பது என்று காட்டினார். பஸ்ஸில் சக்கரத்துக்கு மேலே உட்காராதே, மூன்றாவது சீட்டில் உட்கார் என்றார். அந்த இளைஞரிடம் மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுக்கே கிளம்பினார். திரும்பி வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"மெதுவா போனதுக்குத்தான் அவர கீழ எறக்குனாங்க, எனக்கு எதுக்கும்மா பேஜாருன்றான் சார். உங்க ஊரு ஜனமேதான் போன் பண்ணாங்கன்றான். எந்த ஜனம் சார்? இந்த ஊர்ல கீறது நாமதான?"

நான் மோர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனேன். அன்று சொல்லவில்லை.

அந்த வாரம் மருமகன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் நான்கைந்து பேர். பக்கத்து வீட்டுக்காரரும் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என் மகள் சுவரில் சாய்ந்து நார் உரித்தாள். நான் தெருவைக் கடந்து போய் நின்றேன்.

"டிப்போவுக்குப் போன் பண்ணினது நான்தான்" என்றேன்.

புளி தட்டுகிற சத்தம் நின்றது.

"எதுக்கு சார்?" என்றார் எதிர்வீட்டு அம்மா.

"ஒரு கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது."

"சாப்பாடு தீந்துபோச்சா?"

"இல்லை, சாப்பிட்டேன்."

"பின்ன இன்னா?"

"மேடையில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேச முடியாமல் போய்விட்டது."

பக்கத்து வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "மைக்கு கெடைக்கலியாம்மா சாருக்கு."

யாரோ சிரித்தார்கள். எதிர்வீட்டு அம்மா சிரிக்கவில்லை. "உங்களுக்கு ஆவலன்னா ஆவலன்னு சொல்லிக்கினு போங்க. எங்க எல்லாரையும் எதுக்கு சார் சேத்தீங்க? நானா அவர மாத்தச் சொன்னேன்? எம் பேரன ஆஸ்பத்திரிலேர்ந்து தூக்கியாந்தது அவரு வண்டில." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டார். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது. பஸ் ஸ்டாண்டுல போயி சொல்லுங்க. அந்த டிரைவர் புள்ளகிட்ட சொல்லுங்க."

மகள் எழுந்து வீட்டுக்குப் போனாள். ராத்திரி சோறு போட்டபோதுதான் வாயைத் திறந்தாள். "அவங்க சொன்னபடி செய்ங்கப்பா. அப்பதான் நான் ஏறுவேன்."

மறுநாள் டிப்போவுக்கு மறுபடியும் பேசினேன். இந்த முறை பெயரையும் வீட்டையும் சொல்லி, பழைய ஓட்டுநரையே திரும்ப அனுப்பும்படி கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அவரைக் கேட்டுப் பார்த்தார்களாம். அவருக்குக் கலசப்பாக்கத்துக்குப் பக்கத்தில் வீடு. மதியம் வீட்டுச் சோறு கிடைக்கிறது, ஆளை விடுங்கள் என்றாராம். ஆக, அவர் வரப்போவதில்லை.

ஸ்கேனுக்குப் போகும் காலை, பஸ் நிறைய ஆட்கள். நான் முன்படியில் ஏறி, இன்ஜின் பக்கம் நின்று, அந்த இளைஞரிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஊரில் யாரும் புகார் செய்யவில்லை. நான் ஒருவன் செய்துவிட்டு ஊர் தலையில் போட்டேன். இந்த ஊருக்கு மெதுவாகப் போகிற வண்டிதான் வேண்டும். ஐம்பது பேர் வகுப்பில் வருடக்கணக்காகப் பேசியவன் நான். அன்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் சொல்லி முடித்தேன்.

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "நீங்கதானா சார் அந்தப் பொதுமக்கள்? நான் ஒரு கூட்டம்னு நெனச்சேன்." பஸ் முழுக்கச் சிரிப்பு. "சரி, நாளைக்கு வேற எவனாவது போன் பண்ணான்னா?"

"என் பேரைச் சொல்லுங்கள். நான் வந்து பதில் சொல்கிறேன்."

அவர் என் மகளைத் திரும்பிப் பார்த்தார். "எத்தினி மாசம்கா?"

"அஞ்சு."

"மூணாவது சீட்டுல குந்துங்க. ஏம்பா, யாருப்பா அது, எழுந்து அக்காவுக்கு எடம் குடு."

எதிர்வீட்டு அம்மா கூடவே வந்தார். என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. ஆனால் மகளைத் தனியாக அனுப்பவில்லை. எனக்குப் பின்சக்கரத்தின் மேல் இடம் கிடைத்தது.

ஸ்கேன் அறையிலிருந்து அந்த அம்மாதான் முதலில் வெளியே வந்தார். என்னைத் தாண்டிப் போய், சுவரைப் பார்த்துச் சொன்னார்: "துடிப்பு கேட்டுது. குதிர மாரி ஓடுது." நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பினோம். மலையில் பாதி ஏறியதும் மகள் கையைத் தூக்கினாள். ஓட்டுநர் ஓரமாக நிறுத்தினார். அவள் இறங்கிச் சாலையோரம் குனிந்து நின்றாள். நானும் ஓடினேன். ஜன்னல்களிலிருந்து ஆளாளுக்கு யோசனை வந்தது. எலுமிச்சை மோந்து பார் என்றார் ஒருவர், தண்ணீரைக் குடிக்காதே, கொப்பளி என்றார் இன்னொருவர், எங்க அக்காவுக்கு உப்பு வைத்துதான் நின்றது என்றாள் ஒரு பெண். யாரும் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை. மகள் சிறிது நேரம் நின்றாள். வாந்தி வரவில்லை. நிமிர்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"அப்பா, பசிக்குது" என்றாள்.

அந்த மாதங்களில் அவள் வாயிலிருந்து நான் கேட்காத சொல் அது. எதிர்வீட்டு அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நின்னுக்கினே கீறீங்களே சார். எம் பைல தூக்குல சோறு கீது, எடுத்தாங்க. ஸ்பூன் வேணாம், கையாலயே துன்னட்டும்."

நான் பஸ்ஸுக்குள் ஏறினேன். மூன்றாவது சீட்டுக்கு அடியில் அந்தப் பை இருந்தது. தூக்குவாளி கனமாக இருந்தது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.