கரி ஊதிய காற்று

மெக்சிகோவின் மான்டெரேயில் சனிக்கிழமை மதியம் இறைச்சி சுடாதவனை யாரும் நம்புவதில்லை. எவரிஸ்டோ கான்டூவை எல்லோரும் நம்பினார்கள். உருக்காலையின் வால்வு மெக்கானிக்கான அவர், ஆலைக் கொட்டகைக்குப் பின்னால், பீப்பாயை நெடுக வெட்டிய அடுப்பில், சனிக்கிழமை வேலை இருந்தாலும் சுடுவார்.

மற்ற நேரங்களில் இரண்டு இரும்புக் கோபுரங்களைக் காத்தார். உலைப்புகை அவற்றுக்குள் அழுத்தத்தோடு நுழையும். உள்ளே நிரம்பிய வெள்ளை மணிகள் கரியமில வாயுவைக் கவ்விக்கொள்ளும். அழுத்தத்தை எடுத்தால் கக்கிவிடும். (எங்கள் நகராட்சி ஆட்கள் நேர்மாறு: அமுக்கினால்தான் கக்குவார்கள்.) ஒரு கோபுரம் கவ்வும்போது மற்றது கக்கும், வால்வுகள் முறை மாற்றிவிடும். கக்கியது சோடா ஆலைக்குப் போகும். ஊரே தன் புகையைக் குடித்து ஏப்பம் விட்டது. ஒவ்வோர் ஏப்பத்திலும் தனக்குப் பங்குண்டு என்பது எவரிஸ்டோவின் பெருமை.

மூன்று வாரமாகப் பெருமைக்குக் கேடு. வாயுவின் சுத்தம் இறங்கியது, அதுவும் சனிக்கிழமைகளில். கிழமையை யாரும் கவனிக்கவில்லை. சனிக்கிழமை எல்லோர் கண்ணும் அடுப்பு மேல். மணிகள் ஈரம் பட்டுச் செத்துவிட்டன என்று மேலிடம் முடிவுகட்டியது. இந்தச் சனிக்கிழமை ஒரு மணிக்கு சோடா ஆலைக்காரர்கள் சோதிக்க வருகிறார்கள். தேறாவிட்டால் கோபுரங்களுக்குப் பூட்டு, ஐம்பத்து நாலு வயது எவரிஸ்டோ வீட்டுக்கு.

வேலை போகிற நாளானாலும் சனி சனிதான். அடுப்பு பற்றவைத்தாயிற்று.

பன்னிரண்டு மணிக்கு இன்ஜினியர் ஒட்டிலியா தடித்த அட்டைக் கோப்போடு வந்தாள். வயதுக்கு மரியாதையாக அவரை ‘தோன்’ என்பாள்.

“சுத்தம் மறுபடி இறங்குது, தோன் எவரிஸ்டோ. காலையில நல்லாத்தானே இருந்துச்சு?”

“செத்தது காலையில எந்திரிச்சு மதியம் மறுபடி சாகுமாம்மா?”

சொல்லிவிட்டு வால்வுகளின் பக்கம் காதைத் தீட்டினார். இருபது வருடத் தாளம்: ‘டப்’ என்று மூடும், ‘புஸ்’ என்று திறக்கும். இன்று ‘டப்’ சோம்பலாக விழுந்தது. ஒரு வால்வு மூடி முடிப்பதற்குள் அடுத்தது திறந்து, கக்கிய வாயுவில் புகை கலந்தது. வால்வை அசைப்பது காற்று. காற்றுக் குழாயின் அழுத்தமானியில் முள் படுத்துக் கிடந்தது.

எங்கேயோ காற்று கசிகிறது. குழாயைத் தொட்டுக்கொண்டே நடந்தார். கோபுரங்களைத் தாண்டி, கொட்டகையைச் சுற்றி, தன் அடுப்புக்கே வந்து சேர்ந்தார். அவர் மகளின் ஞானத்தந்தை, அந்த உறவால் அவருக்குக் ‘கொம்பாத்ரே’ ஆன ரெமிஹியோ, ரப்பர் குழாயால் கரிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். விசிறி விசிறி மணிக்கட்டு வலிக்கிறதென்று மூன்று வாரத்துக்கு முன் அதை வால்வுக் காற்றில் மாட்டியவர் எவரிஸ்டோவேதான்.

“வாங்க கொம்பாத்ரே, கரி எப்படிச் செவந்திருக்கு பாருங்க!”

“மூடுய்யா அத!”

“கறி வேகலையே!”

“என் பொழப்பு வெந்துட்டிருக்குய்யா!”

குழாயைப் பிடுங்கி அதன் வாயை அடைத்தார். ‘டப்’ கறாராக விழுந்தது. வாயுவின் சுத்த எண் மெல்ல ஏறியது. ஒரு மணிக்கு வந்தவர்கள் அளந்தார்கள், நம்பாமல் இன்னொரு முறை அளந்தார்கள், தலையாட்டிவிட்டுப் போனார்கள். எவரிஸ்டோ அப்போதுதான் மூச்சு விட்டார்.

ஒட்டிலியாவிடம் பொய் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் சட்டையெல்லாம் கரிப்புகை மணந்தது. உண்மையைச் சொன்னார்.

அவள் முறைத்தாள். பிறகு பக்கத்திலிருந்த பீப்பாய் மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“மூணு வாரமும் நானும்ல சாப்பிட்டேன்! பாவம், அந்த மணிங்க மேல பழி.”

கோப்பிலிருந்து பூட்டு உத்தரவை உருவிக் கிழித்தாள். வெறும் அட்டையை நீட்டினாள்.

“கரி அணையப்போகுது. இதால விசிறுங்க.”

நல்ல தடிமனான அட்டை. கரி பிடித்துக்கொண்டது. மணிக்கட்டு வலித்தது; எவரிஸ்டோ யாரிடமும் சொல்லவில்லை.