கிரைண்டரில் ஒரு சிவப்புப் புள்ளி

அண்ணியின் பழைய காபி கிரைண்டர் இப்போது கரையான்சாவடியில் என் வீட்டு முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. கொட்டை போடும் கூம்புக்குச் சற்றுக் கீழே ஒரு வளையம். அதை ஒரு பக்கம் திருப்பினால் தூள் நைசாக விழும். மறுபக்கம் திருப்பினால் கொரகொரப்பாக விழும். அந்த வளையத்தின் விளிம்பில் நகச்சாயத்தால் வைத்த ஒரு சிவப்புப் புள்ளி. ஞாயிறுதோறும் இயந்திரத்தைத் துடைக்கும்போது அந்த இடத்தில் மட்டும் துணியை அழுத்தாமல் விடுவேன். அப்படியும் புள்ளி பாதி தேய்ந்துவிட்டது.

அண்ணி என் அண்ணனின் மனைவி. அண்ணன் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். அண்ணி ஏற்றுமதித் துணி கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்த்துப் பார்த்து, கால் வீங்கி, ஒரு கோடையில் வீட்டோடு நின்றுவிட்டார். மெயின் ரோட்டை ஒட்டிப் புதிதாக வந்த அடுக்குமாடிகளில் இருந்த கணினி வேலைக்காரப் பிள்ளைகள் கோல்டு ப்ரூ என்று ஒன்றைக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் அதைச் செய்து பார்த்தார். வறுத்த கொட்டையைப் பெரிய துணுக்குகளாக உடைத்து, குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டினால் அவ்வளவுதான், அடுப்பே வேண்டாம். அண்ணி அதற்கு வைத்த பெயர் பச்சத்தண்ணி காப்பி. மிக்சியில் விட்டு விட்டு அடித்து, பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தார். அதைக் குடித்த ஒரு பெண் தன் அலுவலக கேன்டீனில் சொல்ல, கேன்டீன் மேலாளர் தினமும் ஒரு பெரிய டிரம் வேண்டும் என்றார். முதலில் ஒரு டிரம் ருசி பார்ப்பார். பாட்டிலில் குடித்த அதே ருசி இருந்தால்தான் ஆர்டர். அதே வாரம் துணி கம்பெனியிலிருந்தும் திரும்ப வரச் சொல்லி அழைப்பு வந்திருந்தது. மேலாளர் வேண்டாமென்றால் அண்ணி மறுபடியும் போய் நிற்க வேண்டியதுதான்.

டிரம் அளவுக்கு மிக்சி தாங்கவில்லை. மோட்டார் சூடாகிக் கருகிய வாடை அடித்தது. பாதி மாவாகவும் பாதி முழுக்கொட்டையாகவும் வந்தது. எனவே மாவு மில்லுக்குப் போனோம். எங்கள் மில்லில் வந்த வரிசைப்படி யாரும் அரைப்பதில்லை. கொண்டுவந்த பொருளின் வரிசைப்படி அரைப்பார்கள். முதலில் அரிசி, பிறகு கோதுமை, கேழ்வரகு. மிளகாய்க்காரர்கள் எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் கடைசி. காபிக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. கேழ்வரகோடு நின்ற அம்மாள், தனக்கு முன்னால் காபி கூடவே கூடாது என்றார். "எம் பேத்திக்குக் கஞ்சி காச்சணும். காப்பி வாசன ஏறிச்சின்னா அது ராவுல தூங்குமா, உன் ஊட்டுக்கு அனுப்பவா?" கடைசியில் கேழ்வரகுக்கும் மிளகாய்க்கும் நடுவில் எங்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். கொரகொரப்பாக வேண்டும் என்று அண்ணி இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் பையைக் கொடுத்தார். மில்காரர் பையைத் திருப்பிக் கொடுத்தபோது முகமெல்லாம் பெருமை. "கொரகொரன்னு குடுத்தா மில்லு பேரு இன்னாவறது அக்கா? உனுக்கோசரம் ரெண்டு தபா ஓட்டிக்கீறேன், பவுடர் மாரி கீது பாரு."

அன்போடு செய்தவரை என்ன சொல்வது? அண்ணி சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்தார். அந்தத் தூளையே ஊறவைத்தும் பார்த்தோம். காலையில் வடிதுணியில் சேறு போல அடைத்துக்கொண்டது. வடிந்ததும் கலங்கலாக, நாக்கில் கசப்பு நின்றது. அண்ணி டிரம்மைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, சொந்தமாக ஒரு கிரைண்டர் வாங்கிவிடலாம் என்றார்.

பூந்தமல்லியில் சமையல் இயந்திரங்கள் விற்கும் கடைக்குப் போனோம். விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று சுவரிலேயே எழுதியிருந்தது. நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தவன். எந்தச் சரக்கையும் சோதிக்காமல் உள்ளே விட்டுப் பழக்கமில்லை. அதனால் வீட்டிலிருந்து ரவை சல்லடையை எடுத்துவரச் சொல்லியிருந்தேன். அண்ணி கைப்பையில் காபிக் கொட்டையும் கொண்டுவந்திருந்தார். கடைக்காரர் முதலில் காட்டியது கத்தி சுழலும் பெரிய இயந்திரம். எவ்வளவு போட்டாலும் கண்மூடித் திறப்பதற்குள் தூளாக்கிவிடும் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது; பெரிய டிரம்முக்குப் பெரிய இயந்திரம். அண்ணி அதில் கொஞ்சம் அரைக்கச் சொல்லிச் சல்லடையில் சலித்தார். தூசியாகக் கீழே விழுந்தது பாதி. மிஞ்சியதில் ஒன்று உளுந்தளவு, ஒன்று கடுகளவு. பல் வைத்த இரண்டு தட்டுகளுக்கு நடுவே கொட்டையை உடைக்கும் சிறிய இயந்திரம் ஒன்று மூலையில் இருந்தது. அதில் அரைத்ததைச் சலித்தபோது கீழே அதிகம் விழவில்லை. மேலே நின்றதெல்லாம் ஒரே அளவில், உடைத்த கோதுமை போல இருந்தது.

கடைக்காரருக்கு மனம் ஒப்பவில்லை. "இது ரொம்ப மெதுவும்மா. பெரிய ஆர்டருக்குத் தாங்காது."

"நிறுத்தாம ஓட்டுனா சூடாவுமா?" என்று அண்ணி கேட்டார். ஆகாது, மெதுவாக ஓடுவதால் ஆகாது என்றார் அவர். "அப்போ இதக் குடு நைனா. ராவெல்லாம் ஊறப்போற சரக்கு. அரைக்கிறதுல மட்டும் இன்னா அவசரம்?"

அன்று மாலை வீட்டில் வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அரைத்து, சலித்து, சரியான இடம் வந்ததும் அண்ணி அலமாரியிலிருந்து நகச்சாயத்தை எடுத்துவந்து அந்தப் புள்ளியை வைத்தார். இரவு முழுக்க ஊறவைத்து வடித்த பிறகு, மறுநாள் காலை அண்ணனின் ஆட்டோவில் பயணிகள் உட்காரும் இடத்தில் டிரம் போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டு நானும் அண்ணியும் போனோம். கேன்டீன் மேலாளர் கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். "பாட்டில்ல குடிச்ச மாதிரியேதான் இருக்கு" என்றார். அண்ணி டிரம்மின் மூடியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். திரும்பி வரும் வழியில் துணி கம்பெனிக்குப் போன் செய்து, வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

அண்ணனும் அண்ணியும் இப்போது பட்டாபிராமில், ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருக்கிறார்கள். அங்கே இதே வகையில் பெரிய கிரைண்டர்கள் ஓடுகின்றன. பழையதை என்னிடம் விட்டுப் போனார்கள். போன ஞாயிறு அண்ணி வந்தார். மதுரையிலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண், மெட்ரோ வேலைக்காரர்களுக்குக் குளிர்ந்த காபி போட்டுத் தர ஆரம்பிக்கிறாளாம்; கிரைண்டரை அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். தேய்ந்த புள்ளியின் மேலேயே புதிதாக ஒரு புள்ளி வைத்துவிடுங்கள் என்று நான் நகச்சாயத்தை நீட்டினேன். அண்ணி வாங்கிக் கீழே வைத்தார்.

"இரு தம்பி. இத்தினி வருசம் ஓடிக்கீது, பல்லு தேஞ்சிருக்கும். மொதல்ல சல்லடைய எடு."

பழைய புள்ளியில் வைத்து அரைத்தோம். உடைத்த கோதுமையைவிடப் பெரிதாக, ஒழுங்கில்லாமல் விழுந்தது. நூலளவு உள்ளே திருப்பி மறுபடி அரைத்துச் சலித்தார். அப்போதுதான் பழையபடி ஒரே அளவில் நின்றது. மங்கிய புள்ளிக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றை வைத்தார். நான் வழக்கம்போலத் துணியோடு போனேன்.

"காயட்டும்" என்றார் அண்ணி. "அவ வந்து எடுத்துக்கினு போவா."